பால் பொங்கிய கிடங்கு

அம்மா கிடங்கின் 47ஆம் அறையில் குடியேறிய பதினோராம் நாள் நான் மேலாளரைப் பார்க்கப் போனேன். அது வீட்டுச் சாமான்களை வாடகைக்கு வைத்துப் பாதுகாக்கும் இடம். ஆட்கள் தங்க அனுமதி இல்லை. அம்மாவும் தான் தங்கவில்லை என்றுதான் சொல்கிறாள்.

மழைத் தண்ணீர் உள்ளே வருகிறதென்று எங்கள் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்குகிறார்கள். அதுவரை நாங்கள் சித்தி வீட்டில், சாமான்கள் கிடங்கில். நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். கட்டில் கால்களில் பழைய புடவையைச் சுற்றினேன். பீரோவுக்குள் அந்துருண்டை போட்டேன். ஃபிரிட்ஜ் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு சாண் விட்டேன். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினேன். முப்பத்தொரு பொருள்கள்.

தவறு அம்மாவுடையது. அல்லது தடுக்காத என்னுடையது. புது இடத்துக்குச் சாமான் போனால் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்றாள்.

"கிடங்குல யாராவது பால் காய்ச்சுவாங்களாம்மா?"

"நாலு சுவரு, ஒரு கதவு. கட்டில் உள்ள போகுது. வேற என்ன வேணும்?"

நல்ல நேரம் பார்த்து அடுப்பை மூட்டினாள். பால் பொங்கியது. சர்க்கரை போட்டு லாரிக்காரர்களுக்கும் கொடுத்தாள். சர்க்கரை டப்பா அங்கேயே தங்கிவிட்டது. அது சாமானா என்று எனக்கு உறுதியில்லை. பட்டியலில் முப்பத்திரண்டாவதாகப் பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் அறைக்கு ஜன்னல் வந்திருந்தது. அதற்கு மறுநாள் பின்கட்டு. பீரோவைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா உள்ளே போனாள். இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் வாசலிலிருந்து 47 வரை முப்பது காலடி. பத்தாம் நாள் நானூற்றுப் பன்னிரண்டு. நான் தவறாக எண்ணியிருக்கலாம். திரும்பும்போது மறுபடி எண்ணினேன். நானூற்று நாற்பது. அன்று நான் படிக்கும் மாலை வகுப்புக்குத் தாமதமாகப் போனபோது முதல் பாடம் முடிந்திருந்தது.

மேலாளர் தெய்வசிகாமணி நான் கொடுத்த பட்டியலைப் பார்த்தார்.

"அம்மான்னு எதுவும் இதுல இல்லையேம்மா."

"அவங்க சாமான் இல்ல சார்."

"சாமான் இல்லாததை எப்படி வெளிய விடறது? எந்த நம்பருக்குச் சீட்டு போடுவேன்?"

"அப்ப அவங்க அங்க யாரு சார்?"

"குடித்தனக்காரங்க. பால் பொங்கிடுச்சில்ல? பொங்கின இடம் வீடு. காலி பண்ணணும்னா வேற இடத்துல பொங்கணும். இது எங்க விதி இல்ல. உங்க விதி."

ஒரு படிவம் கொடுத்தார். முதலில் பொங்கிய திசை. மறுபடி பொங்கிய திசை. பார்த்தவர் கையொப்பம். இரண்டு திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"சீக்கிரம் பண்ணும்மா. வழி நீண்டுக்கிட்டே போகுது. அமாவாசைக்கு மேல 47 செங்கல்பட்டைத் தாண்டிடும். அங்க எங்களுக்குப் பொறுப்பில்ல."

"அம்மா என்ன ஆவாங்க?"

"அந்தப் பக்கம் தண்ணி நல்லாருக்குன்னு சொல்றாங்க."

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது.

பொங்கிய திசை எனக்குத் தெரியாது. போய்க் கேட்டேன். அறுநூற்று எட்டு காலடி.

"கிழக்கே" என்றாள் அம்மா. "நீ எங்கடி பார்த்தே? பீரோ காலுக்கு நம்பர் ஒட்டிக்கிட்டிருந்தே."

"இப்பவே என்கூட வந்துடும்மா."

அம்மா ஷட்டரைத் தாண்டிக் கால் வைத்தாள். கால் பின்கட்டில் இறங்கியது. இன்னொரு முறை வைத்தாள். அதுவும் பின்கட்டில்தான்.

"பார்த்தியா?" என்றாள். பிறகு துடைப்பதற்கு வைத்திருந்த துணியை மடித்தாள். "சுகந்தி, இனிமே துடைக்க ஒண்ணும் பாக்கி இல்லடி."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு ஜாக்கிகளின் மேல் நின்றது. ஸ்டூல் போட்டு ஏறினேன். சித்தியின் அடுப்பைக் காலிச் சமையலறையில் வைத்தேன். தரையில் சாக்பீஸால் நான்கு திசையும் எழுதினேன். சூரியன் உதித்த பக்கத்தோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். அரை லிட்டர் பாலை அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் பொங்கவில்லை. ஆவி வந்தது. ஆடை கட்டியது. விளிம்பு வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு இறங்கியது. மாலைவரை பார்த்தேன். பால் குறையவும் இல்லை.

மறுநாளும் அப்படியே.

நான் பார்க்கும்போது பால் பொங்கியதே இல்லை. தலையைத் திருப்பினால் பொங்கும். அதற்காக எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் படிவத்துக்குப் பார்த்தவர் கையொப்பம் வேண்டும். பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அமாவாசையன்று கிடங்குக்குப் போன் செய்தேன்.

"47 எங்க இருக்கு சார்?"

"இப்பத்தான் பரனூரைத் தாண்டுது."

அடுப்பை மூட்டினேன். பால் விளிம்புக்கு வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். சுவரில் நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியை மட்டும் பார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் சுர்ரென்றது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் இறங்கிவிடும். அடுப்புக் குமிழ் திருகும் சத்தம் கேட்டது. நான் திருகவில்லை.

"ஒரு நாளாவது அடுப்பைப் பார்த்திருக்கியாடி?"

"எந்தப் பக்கம்மா?"

"கிழக்கே. எழுதிக்கோ."

எழுதினேன். படிவத்தையும் பேனாவையும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன். கையெழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அம்மா எப்போதும் மெதுவாகத்தான் போடுவாள். திரும்பி வந்த பேனாவில் அந்துருண்டை வாசனை இருந்தது.

"இப்பத் திரும்பலாமாம்மா?"

"பாலுக்குச் சர்க்கரை போட வேண்டாமா? இரு."

"சர்க்கரை கிடங்குலல்ல இருக்கு?"

முதுகுக்குப் பின்னால் டப்பா மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பட்டியலை எடுத்தேன். பென்சிலால் எழுதியிருந்த முப்பத்திரண்டை ரப்பரால் அழித்தேன்.