கோபத்தில் போட்ட விதைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நியூவார்க் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், என் காரின் பின்சீட்டிலிருந்து. சொன்னவள் ஜெயகுமாரி. பிரிட்ஜ்வாட்டரில் எனக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தவள். எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது:

"பனி விலகாத மார்ச் மாதத்தில், ஒரு பெண் நம்பிக்கையோடு தக்காளி விதைகளை..."

அடித்துவிட்டேன். நம்பிக்கை என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்பிக்கையாவது ஒண்ணாவது. கோவத்துல போட்டேன்க்கா."

2

2009. அவள் கணவன் கிருபைராஜுக்கு வேலை போயிற்று. (அந்த வருடம் தெருவில் பாதிப் பேருக்குப் போயிற்று, அது வேறு கதை.) வேலையோடு விசாவும் போகும். வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அந்த வாரமே ஜெயகுமாரி காலித் தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி, விதை போட்டு, சூட்டுக்காக ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தாள். முளைத்ததும் சமையலறை டியூப்லைட்டுக்கு அடியில் இறக்கினாள்.

"ஃப்ராஸ்ட் முடிஞ்சு செடிய வெளிய நடவே மே பாதி ஆயிடும். நாமளே இருப்போமான்னு தெரியல, இப்பப் போய் தக்காளி ஸ்டார்ட் பண்ற?" என்றான் கிருபைராஜ், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல்.

"நம்மள அனுப்பலாம். மொளைக்கிறத நிறுத்தச் சொல்ல முடியுமா அவங்களால?"

3

[இங்கே ஒரு காட்சி எழுதிக் கிழித்தேன். ஊருக்குப் போக நேரும் என்று அவர்கள் விற்ற சோபாவை எடுத்துப்போக எங்கள் தெரு நாகலக்ஷ்மி ஆன்ட்டி வருகிறாள். ஜெயகுமாரி நாற்றுகளையும் அவளிடம் கொடுத்துவிட்டு, கண்கள் கலங்க...]

கலங்கவில்லை. ஆன்ட்டி வந்தது உண்மை. "செடிய எங்கிட்ட குடுத்துடு, நான் பாத்துக்கறேன்" என்றதும் உண்மை.

"சோபாவ எடுத்துக்குங்க ஆன்ட்டி. செடி நான்தான் நடுவேன்."

4

வேலை கிடைக்கவில்லை. மே முதல் வாரம் டிக்கெட். கிளம்புவதற்கு முந்தின மாலை டிவியில் உறைபனி எச்சரிக்கை. ஜெயகுமாரி கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலில் பூச்செடி மட்டும்தான் வைக்கலாம் என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. அதனாலேயே வாசல்.

"இன்னிக்கு நட்டா ராத்திரியே செத்துடும் ஜெயா."

"உள்ள இருந்தா தண்ணியில்லாம சாகும். வெளிய நின்னே சாகட்டும்."

கிருபைராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். (இப்படித்தான் முதலில் எழுதினேன். எனக்கு அவனை அவ்வளவாகப் பிடிக்காது.) நடந்தது வேறு. பூட்டிய பெட்டியைத் திறந்து, ஊரில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வாங்கிய புதுப் போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தான். இருவருமாகக் குச்சி ஊன்றிச் செடிகளைப் போர்த்தினார்கள். ஓரம் பறக்காமல் செங்கல் வைத்தபடி, "ஊர்ல மே மாசம் யாருக்கு வேணும் போர்வை?" என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

5

விடியுமுன் என் காரில் கிளம்பினோம். போர்வைகள் வெளுத்து விறைத்திருந்தன. அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

"வெயில் வந்ததும் போர்வைய எடுத்துடுங்கக்கா."

"எப்படி இருக்குன்னு போன்ல சொல்றேன்."

"சொல்லாதீங்க. பொழச்சிருந்தா அழுவேன். செத்திருந்தாலும் அழுவேன். இந்த ஊருக்காக இனிமே நான் அழறதா இல்ல."

முடிவு ஒன்று: பச்சை. முடிவு இரண்டு: கறுத்துத் தொங்கும் இலைகள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் வந்தன, அதுதான் சந்தேகமாக இருந்தது.

வெயில் ஏறியதும் போய்ப் போர்வைகளை எடுத்தேன். பார்த்தேன்.

நட்டவளுக்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.