வாக்கியத்தின் கடைசிச் சொற்கள்

எனக்கு வேலை அலமாரிக்குள். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே துணி அலமாரிதான். படுக்கையறைச் சுவரோடு ஒட்டிய பெரிய அலமாரியில் இரண்டு பக்கமும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக், முகத்துக்கு நேரே ஒரு சின்னத் திரை. கதவைச் சாத்திக்கொண்டால் தெருவும் வீடும் எங்கோ போய்விடும். ஹெட்போனில் என் குரல் யாரோ ஒருத்தியின் குரலாக வரும். அவள் வாசிப்பாள், நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். மணி என்ன, உலை வைத்தோமா இல்லையா, ஒன்றும் நினைவிருக்காது. பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர்கள் எழுதிய புத்தகங்களை ஒலிப்புத்தகமாக இப்படித்தான் வாசித்துக் கொடுக்கிறேன்.

நான் வாசித்ததைக் கேட்டுப் பிழை பார்ப்பவள் என் அக்கா. புத்தகத்தை மடியில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகக் கேட்பாள். பிறகு ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள். பக்கம் நாற்பத்தாறு, இரண்டு வரி விட்டுப்போயிற்று. பக்கம் ஐம்பத்தொன்பது, நாற்காலி கிறீச்சிடுகிறது. பக்கம் எழுபத்தொன்று, வயிறு கத்துகிறது, சாப்பிட்டுவிட்டு உட்கார். நான் திருத்தி அனுப்பிவிட்டு, ‘சரிசெய்தாயிற்று’ என்று ஒரு வரி போடுவேன். நான்கு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். இத்தனைக்கும் அவள் வீடு நான்கு தெரு தள்ளி.

சண்டைக்குக் காரணம் அவள் மகள் கல்யாணம். அன்று நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். தாய் மகனைப் பிரியும் இடம். பாதியில் எழுந்தால் மறுநாள் அதே குரல் வராது. தொண்டை ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது, ஒட்டுப்போட்ட துணி மாதிரி பளிச்சென்று தெரியும். இது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். முடித்துவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும்கூடப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். தப்புதான். இல்லையென்று யார் சொன்னது?

போன திங்கட்கிழமை ஒலிப்புத்தக நிறுவனத்திலிருந்து ‘அவசரம்’ கூப்பிட்டார். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அவர் அனுப்பும் எல்லாச் செய்தியும் ‘அவசரம்’ என்று ஆரம்பிப்பதால் எனக்கு அவர் அவசரம்தான். இனிமேல் கையால் எழுதிய பிழைத்தாளெல்லாம் செல்லாதாம். பதிவும் பிழைபார்ப்பும் ஒரே மென்பொருளில் நடக்க வேண்டுமாம். மூன்றை அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் ஓடவிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனை அறிக்கையோடு சொல்ல வேண்டும் என்றார். இரண்டாவதை எடுத்தால் பிழை பார்க்க ஆளே வேண்டாம், அதுவே புத்தகத்தையும் குரலையும் ஒப்பிட்டுவிடும் என்று குழைந்து குழைந்து சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆள் வேண்டாம் என்றால் அக்கா வேண்டாம். அக்கா இல்லையென்றால் அந்தத் தாள் இல்லை. வயிறு கத்துகிறது, சாப்பிட்டுவிட்டு உட்கார் என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? வீம்புக்காரிதான் நான், ஆனாலும் எனக்கு அந்தத் தாள் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முதல் மென்பொருளில் உட்கார்ந்தேன். தடுமாறினால் ஒரு விசையைத் தட்ட வேண்டும். நான்கைந்து விநாடி பின்னால் போய் நாம் பேசியதையே நமக்குக் கேட்கவைக்கும். தடுமாறிய இடம் வந்ததும் அதன்மேலேயே பேசிவிடலாம். பழையது அழிந்துபோகும். அந்தப் பிழை நடந்ததற்கு அடையாளமே இருக்காது. கம்பளி வாசனைக்கு நடுவே தட்டித் தட்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் வாசிப்பதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால், அந்தக் கல்யாண நாள் காலை வரைக்கும் போனால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மரத்துப்போனதும்தான் எழுந்தேன்.

புதன்கிழமை இரண்டாவது. அதன் மானத்தை வாங்குவது என்று முடிவுகட்டிக்கொண்டேன். அக்கா பார்த்து முடித்து வெளியே போன கடைசிப் புத்தகத்தை அப்படியே அதில் போட்டேன். ஒரு பிழையும் இருக்காது, இது தப்புத் தப்பாக எதையாவது காட்டும், அவசரத்தின் முகத்தில் அறிக்கையை வீசலாம் என்று கணக்கு. அரைமணி நேரம் ஓடிவிட்டு நின்றது. அறுபத்து மூன்று பிழைகள்.

முதலில் மென்பொருளைத் திட்டினேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அது சொன்னது அத்தனையும் சரி. உடனே கோபம் அக்கா பக்கம் திரும்பியது. பழிவாங்குகிறாள், வேண்டுமென்றே விட்டிருக்கிறாள், என் பெயர் கெடட்டும் என்று பார்க்கிறாள். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அலமாரிக்குள் ஏசினால் வெளியே கேட்காது, அது ஒரு வசதி.

மத்தியானம் தரையில் படுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறுபத்து மூன்றையும் மறுபடி ஓடவிட்டேன். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாதி தூக்கம், பாதி விழிப்பு. என் குரல் ஏறுகிறது, நடக்கிறது, வாக்கியம் முடிகிற இடத்தில் இறங்கித் தணிந்துபோகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி தணிகிறது. அப்படிக் கேட்டுக்கொண்டே கிடந்தபோது புரிந்தது. பிழைகள் எல்லாமே அந்தத் தணிந்த இடத்தில் இருந்தன. வாக்கியத்தின் கடைசிச் சொற்களில். உரக்க வாசித்த இடத்தில் ஒன்றுகூட அக்காவிடமிருந்து தப்பவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய புத்தகம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மூன்றே பிழை. மூன்று வருஷத்துக்கு முந்தையதில் இருபத்தெட்டு. புத்தகம் மடியில் இருக்கிறது அல்லவா, காது விட்டதைக் கண் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது. அவள் விட்டது அவளுக்கே தெரிந்திருக்காது.

கல்யாண மண்டபத்தில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் போனபோது இரண்டு ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இரும்பு நாற்காலிகள், ஒரே சத்தம். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, மன்னித்துவிடு அக்கா என்றேன். அழுகையில் குரல் எழும்பவில்லை. திரும்பவில்லை அவள். இன்னொரு தடவை சொன்னேன். ஒரு முடிச்சைப் போட்டு அடுத்த பையை எடுத்தாள். இவ்வளவு ஆகிவிட்டதா என்று ரோஷத்தோடு வந்த வழியே திரும்பி வந்துவிட்டேன். நான்கு வருஷமாக அந்த முதுகின்மேல்தான் எனக்குக் கோபம்.

மூன்றாவது மென்பொருளை அந்தப் புதன்கிழமை சாயங்காலமே பார்த்தேன். ஒரு பக்கம் புத்தகத்தின் வரி, அதற்குக் கீழேயே குரல் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. சந்தேகமான இடத்தில் அது சிவப்புக் கோடு போட்டு நிறுத்தும். சரியா தப்பா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் தன் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். தணிந்த குரலும் அதில் சின்ன மேடாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அவசரத்துக்கு எழுதினேன்: மூன்றாவதுதான், பிழை பார்ப்பது என் அக்காதான், அறிக்கையில் இருக்கிற அறுபத்து மூன்றும் என் வாயில் பிறந்தவை, ஒரு வாரத்தில் திருத்தித் தருகிறேன், வேறு பேச்சு வேண்டாம். ‘அவசரம்: சரி’ என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நான்கு தெருவையும் நடந்தேன். புது மென்பொருளைக் காட்டிக்கொடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் பேசக்கூடாது என்று வழியெல்லாம் ஒத்திகை. கதவு திறந்துதான் இருந்தது. அக்கா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு, வலது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியிலிருந்து கூப்பிட்டேன். உள்ளே வந்து கூப்பிட்டேன். முன்னால் போய் நின்ற பிறகுதான் என் நிழல் பட்டுத் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

ஒத்திகை எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“உனக்குக் காது கேக்கலையா?” என்றேன்.

அவள் என் கையில் இருந்த கணினியையும் என் முகத்தையும் பார்த்தாள். பொய் சொல்ல நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டது தெரிந்தது.

“இடது காது போயி அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப வலதும் கொறையுது. சொன்னா வேலைய நிறுத்திடுவாங்க” என்றாள். புத்தகத்தின் ஓரத்தை மடித்தாள். “நிறுத்திட்டா உன் குரலை நான் எங்க போய்க் கேக்குறது?”

அழுதால் தொலைந்தது என்று கோபத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று கத்தினேன்.

“மண்டபத்துல உன் பின்னாடி நின்னு ரெண்டு தடவை சொன்னேன்க்கா. நீ திரும்பிக்கூடப் பாக்கல.”

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ கல்யாணத்துக்கு வந்தியா?” என்றாள்.

நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? நாற்காலி அடுக்கிய ஆட்களுக்கு நான் யாரென்று தெரியாது, ரோஷத்தில் நானும் வாய் திறக்கவில்லை. கூடப் பிறந்தவள் மகள் கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டு, அந்த என் குரலைத்தான் தினமும் ஒற்றைக் காதில் அழுத்திப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

அவள் எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்தாள். தன் வலது பக்கத்தில், காதுக்குப் பக்கமாகப் போட்டாள். உட்காரச் சொல்லித் தட்டிக் காட்டினாள்.

“அன்னிக்கு என்ன சொன்ன? இப்ப சொல்லு” என்றாள்.

ஆயிரக்கணக்கான பக்கம் வாசித்த வாய், இரண்டு சொல்லுக்குத் திணறியது. எப்படியோ சொன்னேன். சொல்லி முடிக்கும் இடத்தில் குரல் தழுதழுத்து இறங்கிவிட்டது.

அக்கா தலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள்.

“கடைசியில சரியா விழலை” என்றாள். “மறுபடி சொல்லு.”