கரையில் ஒதுக்கிய கத்தரிக்காய்

வீட்டில எலி இருக்கெண்டு கத்திக்கொண்டுதான் ஆக்கள் என்னைக் கூப்பிடுவினம். எலி இருக்கெண்டு சொல்லுங்கோ எண்டு கெஞ்சிக் கூப்பிட்டது புஷ்பராணி ஒருத்திதான். மொன்றியலில பதினொரு வருசமாய் எலி பிடிக்கிறன், இப்பிடியொரு கண்டறியாத வேலை எனக்கு வந்ததில்லை.

இரண்டாயிரத்தொன்பது, நவம்பர். கோட்-டெ-நெய்ஜில ஒரு மூன்றாம் மாடி வீடு. "கிறிஸ்தோப்பர் அண்ணையோ? வாங்கோ" எண்டு கதவைத் திறந்தவவின்ர முகத்தில ரத்தமில்லை.

விசயம் இதுதான். அவவின்ர மனிசன் நகுலேஸ்வரன் வன்னியில கடைசிச் சண்டைக்குள்ள அகப்பட்டவர். ஏப்ரலில ஆரின்ரயோ போனில கடைசியாய்க் கதைச்சவராம். "கஞ்சி வரிசையில நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" எண்டவர் பேந்து எடுக்கவேயில்லை. புரோசார்டில இருக்கிற அவரின்ர தமக்கை போன கிழமை வந்து, "படைச்சுப் பார். உயிரோட இருந்தால் இலை அப்பிடியே கிடக்கும். இல்லாட்டி வந்து சாப்பிடுவான்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. இவவும் அவரின்ர படத்துக்கு முன்னால இலை போட்டு, சோறும் மூன்று கறியும் வைச்சு, அறைக்கதவைச் சாத்திப்போட்டு வேலைக்குப் போயிருக்கிறா. வந்து பாத்தால் பாதிச் சோறு இல்லை.

"எலிதானே அண்ணை? எலியெண்டு சொல்லுங்கோ."

எனக்குச் சரியான கோபம். செத்தவரோ இருக்கிறாரோ எண்டு தெரியாத மனிசனுக்கு ஆராவது படைப்பினமோ? விசர்க் கூத்து! நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், உதுகளை நம்பாதவன். "எலியில்லாமல் வேறென்ன? இந்தக் கட்டடத்தில எலி இல்லாட்டித்தான் அதிசயம்" எண்டு சத்தம் போட்டன்.

சத்தம் போட்டுட்டு, முழங்காலில நிண்டு தேடினன். சுண்டெலியின்ர புழுக்கை அரிசிமணியளவு, பெரிய எலியின்ரது பேரீச்சங்கொட்டை மாதிரி. ஆக்களுக்குக் காட்ட ரெண்டையும் சின்னப் போத்தலுகளில கொண்டு திரியிறனான். அந்த அறையில ரெண்டுமில்லை. சுவர்க்கரையில ஊத்தைத் தடமில்லை, மூத்திர மணமில்லை. சுண்டெலி பூர ஒரு பென்சில் போற ஓட்டை போதும், அதுகூட இல்லை.

"திரும்ப வையுங்கோ. நாளைக்குக் கையும் களவுமாய்ப் பிடிப்பம்" எண்டன்.

அவ படத்தைப் பாக்காமல்தான் வைச்சா. நான் கோதுமை மாவை அரிச்சு, இலையைச் சுத்தி வாசல் வரைக்கும் தூவினன். மாவில கால் வைக்காமல் எந்த எலியும் அந்தச் சோத்துக்குப் போகேலாது. கதவைச் சாத்திப்போட்டு வந்தன்.

அடுத்த நாள் மத்தியானம் போனால், கதவு அப்பிடியே சாத்திக் கிடக்கு. "நீங்களே திறவுங்கோ அண்ணை, எனக்கு ஏலாது. நான் தேத்தண்ணி போடுறன்" எண்டுட்டுக் குசினிக்குள்ள போயிட்டா.

திறந்தன். மாவில ஒரு கீறுகூட இல்லை. ஆனால் சோறு ஒரு பக்கத்தால குழைச்சு எடுத்த மாதிரிக் குழிஞ்சு கிடந்தது. பருப்பும் உருளைக்கிழங்கும் முடிஞ்சுபோச்சு. கத்தரிக்காய் மட்டும் இலைக்கரையில.

மாதாவே! பயந்தன், சொல்ல எனக்கு வெக்கமில்லை. குசினிக்குள்ள கரண்டிச் சத்தம் கேட்டது. இதை எப்பிடி அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறது? அவ தன்ர மனிசன்ர உயிரை ஒரு எலியிட்டையெல்லோ குடுத்து வைச்சிருக்கிறா.

சின்ன விரல் நுனியால மாவில தடம் தடமாய்ப் பதிச்சன், வாசலில இருந்து இலை வரைக்கும். போத்தலைத் திறந்து அரிசிமணிப் புழுக்கையைக் கொட்டினன். பிறகு கூப்பிட்டன்.

"பாருங்கோ, சுண்டெலி. நான் சொல்லேல்லையோ?"

"ஐயோ, எலியே! எலிதானே அண்ணை!" அழுகையும் சிரிப்பும் ஒண்டாய் வந்தது அவவுக்கு. தமக்கைக்குச் சொல்லப் போனைக் கையில எடுத்தா. நம்பரை அமத்திக்கொண்டிருந்தவ இலையைப் பாத்திட்டு நிண்டிட்டா.

"அண்ணை, எலி கத்தரிக்காய் தின்னாதோ?"

"தின்னாது" எண்டன். எலி வாய் வைக்காத சாப்பாடு உலகத்தில இல்லை.

"இவருக்கும் ஒத்துக்கொள்ளாது, வாய் கடிக்கும். மூன்று கறி வேணுமெண்டு மச்சாள் சொன்னதால வைச்சனான். எப்பவும் இப்பிடித்தான், கரையில தள்ளிவிட்டிட்டுச் சாப்பிடுவார்."

போனைக் கீழ வைச்சா. நான் பையிலயிருந்து ஒரு பொறியை எடுத்து, "இதை வைச்சுவிடுறன், நாளைக்குப் பிடிபட்டிடும்" எண்டன்.

அவ என்ர கையைப் பிடிச்சா.

"வேண்டாம் அண்ணை. ஓம், நீங்கள் சொன்னால் எலிதான். பொறி வைக்காதேங்கோ. பாவம், பசியோட அவ்வளவு தூரம் வந்திருக்கு."

பிறகு குசினிக்குள்ள போய் அரிசி கழுவத் தொடங்கினா.