கயிற்றுக்கு எட்டாதவன்

துக்க வீட்டின் மூன்றாம் நாள் மதியத்துக்குள் ஃபித்தாவின் பொறுமை அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது. முற்றத்தில் போட்ட கூடாரத்தில் ஆண்கள்; உள்ளே பெரிய அறையில் பெண்கள். இடையில் ஒரு ஜன்னல்தான். மகன் ராகான் யார் பேச்சைக் கேட்டோ கூடாரத்தில் ஒலிபெருக்கி வைத்துவிட்டான். அதனால் கரக் ஊரின் பாதிப்பேர் மைக்கைப் பிடித்து, இறந்துபோன அவள் புருஷனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவள் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது.

சிங்கம் என்றார்கள். கோபமே வராதவர் என்றார்கள். அப்போது அவளுக்கு இருமல் வந்துவிட்டது. கர்னல் சாயிலுக்குக் கோபம் வராதாம்! படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த மனுஷன். ஓய்வு பெற்ற மறுநாளே சமையலறைக்குள் வந்து பாத்திரங்களை உயர வரிசைப்படி அடுக்கியவர். மகள் ஹனூஃப் பிறந்தபோது மருத்துவச்சிக்கே உத்தரவு போட்டார். "வெளிய போய்யா!" என்று இவள் கத்தியதும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். அதை இன்றும் அவளால் மன்னிக்க முடியவில்லை. நினைத்துச் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

இப்போது மைக் கொழுந்தன் தைஃபல்லாஹ்வின் கைக்குப் போயிருந்தது. அண்ணன் பட்டாளத்தில் இருந்தாலும் வீரக்கதை சொல்லும் உரிமை தம்பிக்குத்தான் என்று நினைப்பவர்.

"அன்னிக்கு மலைவெள்ளம்! பட்டாள வண்டி ஓடையில கவுந்து கிடக்கு. உள்ள ரெண்டு பேர். எங்கண்ணன் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு குதிச்சார் பாருங்க... ஒருத்தன இந்தத் தோள்ல, இன்னொருத்தன அந்தத் தோள்ல போட்டுக்கிட்டு கரையேறினார்!"

கூடாரம் "அல்லாஹு அக்பர்" என்றது.

ஃபித்தா திடுக்கிட்டு அறையின் கோடியைப் பார்த்தாள். அங்கே கறுப்பு முக்காடு போட்ட வத்ஹா, கையில் கசப்புக் காப்பிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் வாய்க்குப் போகவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவன் வண்டி ஓட்டிய குலைஃப். வத்ஹாவின் ஒரே தம்பி. அவன் கரையேறவே இல்லை.

"ஹனூஃப், ஓடிப் போய் உன் அண்ணன ஜன்னலுக்கு வரச் சொல்லு."

ராகான் வந்தான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"உன் சித்தப்பாவ நிறுத்தச் சொல்லு. ஒருத்தனத்தான் காப்பாத்தினார்."

"உம்மா, அவர் இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கார். இப்பப் போய் எப்படி..."

"குலைஃபோட அக்கா உள்ள உக்காந்திருக்காடா!"

"யாருக்கு உம்மா ஞாபகம் இருக்கப் போகுது? விடுங்க."

வத்ஹாவும் அதையேதான் சொன்னாள். "விடு, ராகான் உம்மா. போனவர நல்லாத்தான சொல்றாங்க."

"நல்லாச் சொல்லல. மாத்திச் சொல்றாங்க."

அவளுக்குப் பெருநாள் காலைகள் ஞாபகம் வந்தன. வெள்ளத்துக்கு அடுத்து வந்த பெருநாளில் சாயில் தொழுகை முடித்த கையோடு வண்டியைக் கிளப்பினார். அவள் தாய் வீட்டுக்கு அல்ல. மஆன் பக்கம் குலைஃபின் வீட்டுக்கு. வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் பிள்ளைகள் மாறி மாறிப் புதுத்துணியில் வாந்தியெடுத்தார்கள். போய்ச் சேர்ந்தால் குலைஃபின் தாய் கதவைத் திறக்கவில்லை. "என் புள்ளய விட்டுட்டு இன்னொருத்தி புள்ளயத் தூக்கினவனுக்கு இங்க என்ன வேலை?" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. சாயில் பதில் பேசாமல் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். "கதவே திறக்காத வீட்டுக்கு எதுக்குய்யா போற?" என்று அவள் சண்டை போடாத பெருநாள் கிடையாது. கடைசியில் ஒருமுறை ஹனூஃப் ஒன்றுக்கு வருகிறது என்று அழுத சத்தம் கேட்டு வத்ஹாதான் கதவைத் திறந்தாள். பிள்ளை வெளியே வருவதற்குள் சாயிலுக்குக் காப்பி வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை, அந்தத் தாய் இறந்த பின்னும்.

இத்தனையையும் இரண்டு தோள்களில் ஏற்றி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் கொழுந்தன்.

ஃபித்தா எழுந்து போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"தைஃபல்லாஹ்!"

கூடாரம் மொத்தமும் திரும்பியது.

"மதினி, இது ஆம்பளைங்க சபை..."

"இருக்கட்டும். ரெண்டு பேரயும் காப்பாத்திட்டார்னா, வருஷா வருஷம் பெருநாளன்னிக்கு என் புள்ளைங்களக் குமட்டக் குமட்ட மஆனுக்கு இழுத்துட்டுப் போனது எதுக்கு? வேடிக்கை பாக்கவா? ஒருத்தன் போயிட்டான். அவன் பேரு குலைஃப். அவனோட கூடப்பொறந்தவ இங்க உக்காந்திருக்கா. அதையும் சேத்துச் சொல்லு, இல்லன்னா மைக்கக் கீழ வை."

தைஃபல்லாஹ் மைக்கைக் கீழே வைத்தார், வேண்டுமென்றே சத்தம் வரும்படி.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்து ஜன்னலுக்கு அருகில் வந்தார். முத்லக். அன்று உயிரோடு வந்தவர் அவர்தான். வத்ஹாவும் எழுந்து ஃபித்தாவின் பின்னால் வந்து நின்றாள்.

"தாயி," என்றார் அவர் வத்ஹாவிடம், உள்ளே பார்க்காமல். "எனக்குப் புள்ளைங்க இருந்துதுன்னோ, நான் சார்ஜெண்டுன்னோ அவர் என்னைத் தூக்கல. நான் பக்கத்துல இருந்தேன். குலைஃப் வண்டிக்கு அந்தப் பக்கம். கயிறு அவ்வளவு தூரம் வரல. என்னக் கரையில போட்டுட்டு மறுபடி எறங்கினார். அதுக்குள்ள வண்டியையே காணோம்."

"எங்கம்மா சாகறவரைக்கும் ஏன் அவனத் தூக்கின, ஏன் என் புள்ளயத் தூக்கலன்னு கேட்டுட்டே இருந்தா. கர்னல் காப்பியக் குடிச்சுட்டு தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருப்பார்" என்றாள் வத்ஹா.

ஃபித்தாவுக்குத் துக்கத்தை மீறிக்கொண்டு எரிச்சல் வந்தது. "கயிறு எட்டலன்னு சொல்ல என்ன கேடு அந்த மனுஷனுக்கு? ஒரே ஒரு வார்த்தை! வீட்டுக்குள்ள அத்தனை உத்தரவு போட்ட வாயி!"

"நானும் கேட்டேம்மா," என்றார் முத்லக். "'கயிறு எட்டலன்னு ஒரு தாய்கிட்ட சொல்றதெல்லாம் ஒரு பதிலா'ன்னு கத்தினார். மூணு நாள் எங்கூடப் பேசல."

"பேசமாட்டார். அந்தப் பிடிவாதந்தான் என் உசிர வாங்குச்சு" என்றாள் ஃபித்தா. மூன்று நாளில் முதல்முறையாக அவள் அழுதாள். அழும்போதும் கோபமாகத்தான் அழுதாள். வத்ஹா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு அது பதிலாத்தான் இருந்திருக்கும்," என்றாள் மெதுவாக. "எனக்கு இருக்கு."

வெளியே யாரோ ஒரு பழைய சிப்பாய் மைக்கை எடுத்தான். பூட்சில் தூசி இருந்ததற்காகக் கர்னல் தன்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டதையும், ஓடி முடிக்கும்வரை கூடவே ஓடி வந்ததையும் சொன்னான். கூடாரம் முதல்முறையாகச் சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொருவராக அவரிடம் வாங்கிய திட்டைச் சொல்லத் தொடங்கினார்கள்.

தாம்பாளங்களில் சோறும் தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் வந்து இறங்கியபோது ராகான் மறுபடி ஜன்னலில் தலை நீட்டினான்.

"உம்மா, சித்தப்பா வண்டிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டார். சாப்பிட மாட்டாராம்."

"அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு," என்று ஃபித்தா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நல்ல கறியாப் பாத்து ஒரு தட்டுல போட்டு வண்டிக்கே எடுத்துட்டுப் போ. மதினி வருத்தப்படறான்னு சொல்லு."

"நிஜமாவா வருத்தப்படறீங்க?"

"இல்லடா. போ."

அவள் வத்ஹாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் முன்னால் சோற்றைத் தள்ளினாள்.