சலாம் கடையின் பின்னறை

பெரம்பலூரில் அப்துல் சலாம் நடத்தும் பிளெக்ஸ் கடையின் பின்னறை கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிவந்து, ஓர் ஆவணி முகூர்த்தத்தன்று, அங்கே டிசைனராக இருந்த வேம்பு வெளியே வர முடியாத அளவுக்குச் சிறுத்துப்போனது. அன்றைக்குக் கல்யாண பேனர்கள் நிறைய இருந்ததால், எல்லாம் அச்சாகிப் போன பிறகுதான் மற்றவர்கள் அதைக் கவனித்தார்கள்.

வேம்பு ரெட்டிபாளையத்துக்காரி. அப்பா சாமிதுரை சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். திருச்சியில் கிராபிக் டிசைன் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அது என்ன வேலை என்று கேட்டார். "ஒண்ணப் பாக்குறப்ப கண்ணு மொதல்ல எங்க போவணும், அப்புறம் எங்க போவணும், எங்க நின்னு மூச்சு வாங்கணும்னு வழி பண்ணிக் குடுக்குறதுப்பா" என்றாள். அவர் யோசித்துவிட்டு, "ரோடு போடுற மாதிரி" என்றார். படித்து முடித்துச் சென்னைக்குக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. லெப்பைக்குடிக்காட்டுக்காரரான சலாம் துபாயிலிருந்து திரும்பிவந்து கடை திறந்த சமயம் அது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் அங்கே சேர்ந்தாள்.

சன்னல் இல்லாத பின்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி அவள் காலியிடம் விடுவாள். வருகிறவர்கள் திரையில் விரலை வைத்து, "இந்த எடம் சும்மாத்தான கெடக்கு, சின்ன மாமாவப் போடுங்க" என்பார்கள். சின்ன மாமாவுக்குப் பிறகு அவர் மகன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம், சிங்கத்தின் தலைக்கு மேல் நண்பர்கள் குழு. அப்படி ஓர் இடம் நிரம்பும்போதெல்லாம் மேற்குச் சுவர் ஒரு விரல்கடை உள்ளே வந்தது. நாற்காலிதான் நகர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். சந்தேகம் தீர்ந்ததும் சலாமிடம் சொன்னாள். அவர் பிளெக்ஸ் அளக்கிற டேப்பால் அளந்து பார்த்து, உடனே நம்பினார். கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "செவுரு அப்படியேதாங்க இருக்கு. எடந்தான் கம்மியாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையிலிருந்த பீரோவை வெளியே எடுத்தார்கள். கஸ்டமர் கேட்பதை மறுக்கச் சலாமுக்குத் தெரியவில்லை. வேலை நடந்தது.

சுவரோடு சேர்ந்து கதவு நிலையும் ஒடுங்கியது. ஆவணியில் அது அவள் தோளைவிடக் குறுகிவிட்டது. சாமிதுரை புருவத்தில் சிமெண்ட் தூளோடு வந்து, இடுக்கு வழியாக மகளைப் பார்த்தார். கடப்பாறை போட்டார்கள். செங்கல் பெயர்ந்த இடத்தில் அதே செங்கல் இருந்தது. நல்லவேளையாக அறையோடு ஒரு குளியலறை உண்டு, அது ஒடுங்கவில்லை. சலாமின் மனைவி சாகிரா இடியாப்பத்தைத் தட்டையான தட்டில் வைத்து உள்ளே நீட்டினாள்.

"வேணாம்மா, வேலைய நிறுத்திருவோம்" என்றார் சலாம். நிறுத்தினார்கள். சுவர் முன்னே வரவில்லை, பின்னேயும் போகவில்லை. தனக்குப் பிடித்தபடி நிறையக் காலியிடம் விட்டுச் சில டிசைன்களைச் செய்துபார்த்தாள் வேம்பு. யாரும் கேட்காத டிசைன்களை அறை மதிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மறுபடி சின்ன மாமாக்களை வைக்கத் தொடங்கினாள். நாற்காலியைத் திருப்ப இடமில்லாமல் போனது. சுவர் மூச்சுவிடுவது முதுகில் தெரிந்தது.

ஐப்பசியில் வாலிகண்டபுரத்திலிருந்து பச்சையம்மாள் வந்தாள். மக்காச்சோளம் போடுகிற அவள் புருஷன் பாவாடை இறந்திருந்தார். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோவை இடுக்கில் நீட்டினாள். யார் யாரெல்லாம் வரவேண்டும் என்று வேம்பு பழக்கத்தில் கேட்டாள்.

"அவரு மட்டும் போதும் பாப்பா."

வேம்பு கீழ் மூலையில் பாவாடையைச் சிறியதாக வைத்தாள். பக்கத்தில் பெயர். மற்ற இடமெல்லாம் விடிகாலை ஏரியைப் போல வெளுத்துக் கிடந்தது. பச்சையம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனாள். சாயங்காலம் பாவாடையின் தம்பி வைரக்கண்ணு போன் நிறையப் போட்டோக்களோடு வந்துவிட்டார்.

"இவ்வளவு எடம் சும்மா கெடக்கு. பங்காளிவோ ஒருத்தன் மூஞ்சியும் இல்லாம வச்சா ஊரு என்னம்மா பேசும்?"

கூட ஒரு பத்து முகம் வைத்தால் அவளால் கையை நீட்டக்கூட முடியாது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. "சும்மா கெடக்கலண்ணே" என்றாள் இடுக்கின் உள்ளிருந்து. "அங்கதான் அவரு இல்ல."

வைரக்கண்ணு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "டவுன்ல வேற கடையா இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அந்தக் குடும்பத்தின் விசேஷமெல்லாம் சலாமிடம்தான் வரும். அவர் மிஷின்மேல் கைவைத்தபடி நின்றார்.

"என்ன பாய் செய்யிறது?" என்றாள் வேம்பு.

"அந்தம்மாதான மொதல்ல வந்துச்சு" என்று பட்டனை அழுத்தினார்.

வாலிகண்டபுரத்தில் அதைக் கட்டியபோது, டவுன் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சண்டை போடத் தயாராக வந்த வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். பிறகு அதன் கீழேயே உட்கார்ந்து, இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் பின்னறையின் சுவர் ஒரு முழம் தள்ளிப்போயிருந்தது. வேம்பு பக்கவாட்டில் திரும்பி, தோள் உரசிச் சிராய்க்க, வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. சாகிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவர் அங்கேயே நின்றுவிடவில்லை. கார்த்திகை முகூர்த்தங்களில் திரும்ப வந்தது. வேறு வேலைக்குப் போய்விடச் சொன்னார் சாமிதுரை. எந்தக் கடைக்குப் போனாலும் சின்ன மாமாக்கள் வருவார்கள் என்றாள் அவள். வருடம் ஓடிவிட்டது. முகூர்த்த மாதங்களில் உள்ளே இருக்கிறாள். எங்கோ யாரோ போதும் என்று சொன்னால் கதவு விலகுகிறது, அவள் ஊருக்குப் போய் வருகிறாள். அரியலூர் பஸ் கண்டக்டருக்கு அவளைத் தெரியும். போன தையில் அவள் ஏறியபோது, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இந்தவாட்டி யாரு?" என்று கேட்டார்.

"குன்னத்துல ஒரு கல்யாணம்ணே. மாப்ள பேரு, பொண்ணு பேரு மட்டும் போதும்னுட்டாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் விசில் ஊதினார்.