இடப்பக்கம் சுற்றக் கூடாத டேங்க்

திருமுடிவாக்கத்தில் குழந்தைகளுக்கான இரும்புச்சத்து டானிக் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு, கலக்கும் டேங்கை வடிவமைத்துக் கொடுத்தவள் நான். மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. கெட்டிப் பாகை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கலக்காது. போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போகும். அதனால் இரண்டு துடுப்புகள் வைத்தேன். ஒன்று வலப்பக்கம் சுற்றி நிற்க வேண்டும். பிறகு மற்றது இடப்பக்கம் சுற்ற வேண்டும். அப்போதுதான் பரோட்டா மாவைப்போல் பாகு இழுபட்டு, மடிந்து, கலக்கும்.

இன்று காலை போய்ப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வலப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு ஒயரை மாத்துனது?"

எலக்ட்ரீஷியன் குமரவேல் தலையைச் சொறிந்தார். "மொதலாளிதான் மேடம். பூஜை போட சொல்லோ பாத்துட்டாரு. ஒண்ணு ராங் சைடுல சுத்திகினு கீதுன்னு ஒரே பேஜார்."

முதலாளி ராகவேந்திரா சிரித்துக்கொண்டே வந்தார். "கோயில்ல யாராவது இடப்பக்கமா சுத்துவாங்களாம்மா?"

"நானும் கோயிலுக்குப் போறவதான் சார். டேங்க்குக்கு எதுக்குப் பிரதட்சிணம்?"

மோட்டாரை நிறுத்தி மூடியைத் திறந்தேன். வெளிறிய பாகுக்கு நடுவே இரும்புச்சத்து அடர்பழுப்பு வளையமாக நின்றது. ஒரு பாட்டிலில் மருந்தே இருக்காது, அடுத்ததில் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகிற அளவு இருக்கும் என்றேன்.

"மதியம் லாரி வருதும்மா. அதான் பாட்டில் மேலயே நல்லா குலுக்கிக் குடிக்கணும்னு போட்ருக்கோமே."

என்ன திமிர்! ஒரு பாட்டிலைக் குலுக்கினால் பக்கத்துப் பாட்டிலில் இருப்பது இதற்குள் வந்துவிடுமா?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் முதல் பாட்டிலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ராகவேந்திரா தன் பேரனுக்கு எடுத்துப் போவார். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

கரண்டியை அந்த வளையத்துக்குள்ளேயே விட்டு மொண்டு, ஒரு பாட்டிலை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன்.

"முதல் பாட்டில் சார். நல்லா குலுக்கிப் பேரனுக்குக் குடுங்க."

அவர் குலுக்கவில்லை. குமரவேல் பக்கம் திரும்பினார்.

"குமரவேல், மேடம் சொன்னபடி மாத்திடுப்பா. இதெல்லாம் சரியா கலந்தப்புறம் லாரி வந்தா போதும்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் குடிக்கலாம், இவர் பேரன் மட்டும் குடிக்கக் கூடாதா? கொட்டிவிடச் சொல்லி அவர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"சாமி படத்துக்கு முன்னாடியே இருக்கட்டும் சார். அடுத்த தடவை ஒயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி கும்பிட்டுக்கோங்க."