நாலாம் நம்பர் சட்டை

மழை பெய்த மறுநாள் லாண்டரி அறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. பயிற்சி முடிந்து வந்த சட்டைகளும் காலுறைகளும் வலைப்பைகளுக்குள் சேறும் சகதியுமாகத் தரையெங்கும் கிடந்தன. சேறு காய்வதற்குள் அலசிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது, கைதான் தேய வேண்டும். அக்கா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குழாயைத் திருகி, நாலாம் நம்பர் பையை முதலில் பிரித்தாள்.

நாலாம் நம்பர் அவளுடைய தம்பி. அந்தக் கால்பந்து கிளப்பில் அவனை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பின்வரிசையில் அவன் நின்றால் பந்து தாண்டாது என்று யாரோ வைத்த பெயர். சட்டையின் முதுகிலும் அதுவே ஏறிவிட்டது. அவன் சட்டையில் இடது இடுப்புப் பக்கம் எப்போதும் சேறு அப்பியிருக்கும். எதிராளியின் காலடியில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதுதான் அவன் தொழில்.

"ஒருத்தன் விழுந்து எழுந்து சம்பாதிக்கிறான், ஒருத்தி குனிஞ்சு நிமிர்ந்து சம்பாதிக்கிறா. நல்ல குடும்பம்மா உங்களுது" என்றார் இஸ்திரி அண்ணன், ஆவி பறக்கும் மேசைக்குப் பின்னாலிருந்து.

"நீங்க மட்டும் நின்ன இடத்துலயே சம்பாதிக்கிறீங்களேன்னு பொறாமையா இருக்கு அண்ணே."

அம்மா போனபோது தம்பிக்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவனையும் இடுப்பில் தூக்கி வந்தாள். லாண்டரியின் பின்சுவரில் பந்தை உதைத்து உதைத்துத்தான் அவன் வளர்ந்தான். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. பெரிய அணியில் அவனுக்கு முதல் சட்டை கிடைத்த அன்று, வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டி, முதுகில் வைத்து, இரட்டைத் தையலாக அவளே தைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு சீசனும் அவன் பெயர் அவள் கைத்தையல்தான்.

மத்தியானம் திட்டக்காரர் உள்ளே வந்தார். போன சீசனில் வந்தவர். எந்த ஆட்டக்காரரை எடுப்பது, எவரை விடுவது எல்லாம் இனி அவர் கையில். ஐந்து வருஷத் திட்டம் என்று வாய்க்கு வாய் சொன்னதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. லாண்டரிக்குள் அவர் வந்து அக்கா பார்த்ததில்லை. ஈரத்தில் ஷூ நனையாமல் தாண்டித் தாண்டி வந்து, ஒரு பாலித்தீன் உறையை நீட்டினார்.

"ஏம்மா, நாலாம் நம்பர் இனி வேற ஆளுக்கு. சனிக்கிழமை டாக்டர் பாத்து முட்டி, கணுக்கால் எல்லாம் சரின்னு சொல்லிட்டா பையன் நமக்கு. புதுச் சட்டை வேணாம். அப்புறம் இருக்கிறதுலயே பழைய பேரை எடுத்துட்டு இதை ஒட்டிடுங்க."

உறைக்குள் வெள்ளை ஸ்டிக்கர் எழுத்துகள். நெட்டை என்று இருந்தது. அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப, இப்ப போட்டிருக்கிறவரு?"

"அவருக்கு இருபத்தொம்பது ஆச்சே. நல்ல ஆட்டக்காரர்தான், இல்லேங்கல. ஆனா நாங்க ஒரு மேட்சுக்கு டீம் போடலம்மா, அஞ்சு வருஷத்துக்கு டீம் கட்டுறோம். சின்ன வயசுல எடுத்து வளத்து, மூணு வருஷத்துல பெரிய கிளப்புக்கு வித்தாத்தான் அடுத்து ரெண்டு பேரை எடுக்க முடியும். வயசானவரை யாரு வாங்குவா, சொல்லுங்க?" பாடம் நடத்துகிறவர்போலப் பொறுமையாகவே சொன்னார்.

"அவருக்குச் சொல்லியாச்சா சார்?"

"சொல்லிட்டா எப்படி? புதுப் பையன் முட்டியில ஏதாவது கோளாறுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னா இவரு வேணும்ல. அதுவரைக்கும் கைவசம் ஒருத்தர் இருக்கட்டும். இந்த ரூமை விட்டு ஒரு வார்த்தை வெளிய போச்சு, உங்க வேலை போயிடும், பாத்துக்குங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. இனிமே யாரு பேரையும் தைக்க வேணாம். ஒட்டினா போதும். எடுக்க வசதியா இருக்கும்."

எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு பையன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான், தூங்கி எழுந்ததும் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான் என்பதுவரை அவருக்குத் தெரியும் என்று கிளப்பில் சொல்வார்கள். இவள் பூட்டுக்கு அக்கா என்பது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என் காதுல எதுவும் விழல" என்றார்.

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அன்று முழுக்க அலைந்தாள். மற்ற நேரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். துறைமுக ஊர் கிளப் ஒன்று தம்பியை இரண்டு சீசனுக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சின்ன கிளப்தான், ஆனாலும் இரண்டு வருஷம் அடுப்பு அணையாது. "கிடைக்கப்போற பலாக்காயை விட கையில இருக்கிற களாக்காய் மேலுங்க" என்று தம்பி பெண்டாட்டி தலைபாடாக அடித்துக்கொண்டாள். கோச் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார், இருக்கிறேன் என்று அவன்தான் உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமையை விட்டால், மறுநாளோடு ஆட்டக்காரர்களைப் பதிவு செய்கிற கெடுவே முடிந்துவிடும். அப்புறம் ஒரு சீசன் முழுக்க எந்த வாசலும் திறக்காது.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் அவனைத் துணி காயப்போடும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். தொங்கிய துண்டுகளுக்கு நடுவே, பாலித்தீன் உறையை அவன் கையில் கொடுத்தாள்.

"என்னக்கா இது?"

"உன் நம்பருக்கு வந்திருக்கு. திட்டக்காரரே கொண்டுவந்து குடுத்தாரு. அந்த ஊருக்காரங்களுக்கு இப்பவே போன் போட்டு வர்றேன்னு சொல்லிடுடா. நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் மூச்சு விடாத."

அவன் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தான். முகம் கறுத்தது. பிறகு தலையை ஆட்டினான். "இருக்காது. கோச் என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு. முட்டி கிழிஞ்சப்ப கட்டுப் போட்டுக்கிட்டு அவருக்காக ஆடியிருக்கேன்."

"ஆடினது நீ. மறந்தது அவரு. அவரும் பிள்ளைகுட்டிக்காரருடா, மேல சொல்றதைத்தான் கேப்பாரு."

"நேரா போயி கேட்டுடுறேன். முதுகுக்குப் பின்னால ஆடுற பழக்கம் எனக்குக் கிடையாது." அதுதான் அவன். மைதானத்திலும் அப்படித்தான், ஆளை நேருக்கு நேர் நின்று மறிப்பான், சட்டையைப் பிடித்து இழுக்க மாட்டான்.

வியாழக்கிழமை நட்பு ஆட்டம் ஒன்று இருந்தது. லாண்டரியின் சின்ன ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அக்கா திகைத்துப் போனாள். தம்பியின் கையில் மஞ்சள் பட்டை. கேப்டன் பட்டை. அவன் முதுகு ஒரு சாண் நிமிர்ந்திருந்தது. அன்று பூட்டு பூட்டாகவே இருந்தான், ஒரு பந்து தாண்டவில்லை.

ஆட்டம் முடிந்து சேறும் வியர்வையுமாக நேராக அவளிடம் வந்தான். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"கேட்டேன்க்கா. மூஞ்சிக்கு நேரா கேட்டேன். உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கான்னு தோள்ல கை போட்டாரு. புதுசா ஒரு பையன் வர்றானாம், ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்து என்னைப் பாத்துக் கத்துக்குவானாம். நம்பர்லாம் பெரிய விஷயமா? கேப்டனுக்கு எந்த நம்பரா இருந்தா என்ன?"

"ஸ்டிக்கரை நீயே பாத்தியேடா."

"நீ துணி துவைக்கிற வேலையை மட்டும் பாரேன்!" கத்திவிட்டான். இஸ்திரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உடனே தணிந்து, "உன் பேரு வாயில வரல, பயப்படாத. யாரு சொன்னான்னு கேட்டாரு, வெளிய பேசிக்கிறாங்கன்னு சொன்னேன்" என்றான்.

பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பாள். தூக்கி வளர்த்த தம்பி, அதுவும் கேப்டன் பட்டையோடு வந்து நிற்கிறான். பட்டையை எடுத்து வாளியில் போட்டு அலசினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது, போனது. துறைமுக ஊர் கிளப் வேறொருவனை எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை நெட்டையின் முட்டியும் கணுக்காலும் சரியாக இருந்தன. திங்கட்கிழமை காலை பூட்டை மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, இறங்கி வந்துவிட்டான்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா" என்று முணுமுணுத்த இஸ்திரி அண்ணன், அக்கா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மத்தியானம் வந்து தம்பி தன் வலைப்பையை மேசைமேல் வைத்தான். காலுறை, அரைக்கால் சட்டை, பயிற்சிச் சட்டை, குளிருக்கான மேல்சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். விட்டுப் போகிறவன் எல்லாவற்றையும் லாண்டரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம்.

"கோச் என்ன சொன்னாரு?"

"அவரு வரல. அவருக்கு ஏதோ வேலையாம்." கடைசியாக ஆட்டச் சட்டையை எடுத்தவன் கையிலேயே வைத்திருந்தான். "அக்கா, இதை மட்டும் நான் எடுத்துக்கவா? பாப்பா கேட்டா. சுவத்துல மாட்டணுமாம்."

"இதுலதான்டா அவன் பேரை ஒட்டணும்."

"ஓ" என்றான். சட்டையை நான்காக மடித்து மற்றவற்றின் மேல் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டான். "குடோன்ல மூட்டை ஏத்த ஆள் எடுக்கிறாங்களாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. முட்டிதான் என்ன சொல்லுமோ." வாசலுக்குப் போனவன் நின்றான். "நீ அன்னிக்கே சொன்னேக்கா."

"போடா" என்றாள். சொன்னது பலித்துவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

அவன் போன பிறகு ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, சட்டையை மடியில் விரித்து, சின்னக் கத்தரியால் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். இரட்டைத் தையல். எந்தக் காலத்திலும் பிரியக் கூடாது என்று போட்டது, லேசில் விடவில்லை. இழுத்தால் துணி கிழியும். ஒவ்வொரு கண்ணியாக நறுக்கி நறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. இஸ்திரி அண்ணன் தானே வந்து, "குடு, நான் பிரிக்கிறேன்" என்றார். அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் சூடு வைத்து ஒட்டி முடிக்கும்போது நெட்டையே வந்து நின்றான். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்.

"அக்கா, எல்லாரும் உங்களை அக்கான்னுதானே கூப்பிடுறாங்க? நானும் கூப்பிடலாம்ல?"

"கூப்பிடு."

சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முதுகுல சின்னச் சின்ன ஓட்டையா இருக்கே?"

"தையல் போட்டிருந்த இடம். நாலு தரம் துவைச்சா மூடிக்கும்."

"யாருக்கோ கையால தச்சுக் குடுத்திருக்கீங்க. எனக்கும் தச்சே குடுங்கக்கா. இது வெறும் ஸ்டிக்கர், உரிஞ்சு போயிடும்."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன்மேல் கோபப்பட வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்திருந்தாள். கோபம் வரவில்லை. "வயசு என்னப்பா?"

"பத்தொம்பது."

"உரியாது. மூணு வருஷம் தாங்கும்."

"மூணு வருஷமா! அது போதும்க்கா" என்று சிரித்துக்கொண்டே அங்கேயே சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஓடுகிறவன் முதுகில் புதுப் பெயர் பளபளத்தது; அதைச் சுற்றி, எழுத்துகள் மறைக்காத இடத்திலெல்லாம், ஊசி போன வழி வரிசை வரிசையாகத் தெரிந்தது. மடியில் ஒட்டியிருந்த வெள்ளை நூல் துண்டுகளைத் தட்டிவிட்டு, அக்கா அடுத்த பையைப் பிரித்தாள்.